படுத்த எருமைக்கு வடக்கே

என் சித்தி மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறான். ஓணம் லீவுக்கு வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறந்து என் மடியில் வைத்தான். "அண்ணே, மேப்பு ரெடி. 66 சதுர கிலோமீட்டர். ஸ்கைரிமை விடப் பெருசு."

அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தால் யாருக்கும் மறுத்துப் பேச வாய் வராது. இரண்டு வருடமாக நாங்கள் சேர்ந்து ஒரு கேம் செய்துகொண்டிருக்கிறோம். காடு, ஆறு, மலைக்கோட்டை, பேசும் விலங்குகள் என்று ஒரு கற்பனை உலகம். கதையும் எழுத்தும் என் பொறுப்பு. நிலத்தைச் செய்வது அவன் வேலை. கேம் செய்ய நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளான அன்ரியல் எஞ்சினில் ஒரே நிலப்பரப்பாகப் போடச் சிபாரிசு செய்யும் அளவுகளில் மிகப் பெரியது 8129-க்கு 8129 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி ஒரு மீட்டர் என்று வைத்தால் பக்கத்துக்கு 8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஸ்கைரிம் என்ற பிரபலமான கேமின் நிலம் சுமார் 37 சதுர கிலோமீட்டர்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப்படி அவன் சொன்னது சரி.

"சரி, வா. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடந்து பார்ப்போம்" என்றேன்.

எஞ்சினில் மனித உருவத்துக்குத் தானாகவே வரும் வேகம் நொடிக்கு 6 மீட்டர். நாங்கள் அதை மாற்றவில்லை. வளையாமல் நேராக ஓடினால் 22 நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். ஓடினோம். முதல் 5 நிமிடம் நன்றாகவே இருந்தது. புல் அசைந்தது, வெயில் மரங்களுக்குள் சரிந்து விழுந்தது. பத்தாவது நிமிடத்தில் ஒரு பாறை வந்தது. அதை ஏற்கெனவே மூன்று தடவை தாண்டி வந்திருந்தோம். அதே பாறையைத் திருப்பி வைத்திருந்தான், அவ்வளவுதான். பதினைந்தாவது நிமிடத்தில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். மறு ஓரத்தை அடைந்ததும் அவன் சத்தமில்லாமல் லேப்டாப்பை மூடினான்.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான் எங்களுக்கு. இந்த மாதிரி உலகம் எவ்வளவு பெரிதாக இருந்தால் சரி?

கேம் உலகத்தில் இந்தக் கேள்வி புதிதல்ல. 1996-இல் வந்த டாகர்ஃபால் என்ற கேமின் பரப்பு சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது. நம் தமிழ்நாடே 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டை விடப் பெரிய நிலத்தை அந்தக் காலத்து சிடியில் அடக்கினார்கள். ஊர்களும் சுரங்கங்களும் கோயில்களுமாக 15,000 இடங்களுக்கு மேல் அதில் உண்டு. ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து செய்ய முடியாது என்பதால் பெரும்பகுதியை நிரலே உருவாக்கியது. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போகிறவர் கிட்டத்தட்ட யாருமில்லை. மேப்பில் பெயரைத் தொட்டால் அங்கே போய் நிற்கலாம். அதே கம்பெனி 6 வருடம் கழித்து மாரோவின்ட் என்ற கேமை வெளியிட்டபோது நிலத்தைச் சுமார் 24 சதுர கிலோமீட்டராகச் சுருக்கி, பெரும்பகுதியைக் கையால் செய்தது. ஆயிரக்கணக்கான மடங்கு சின்ன உலகம். அதை ஆடியவர்கள் இன்றைக்கும் அந்த ஊர்களின் பெயரை வரிசையாகச் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

மாரோவின்டை நான் கல்லூரிக் காலத்தில், செகண்ட் ஹேண்ட் சிபியூ ஒன்றில் ஆடினேன். அதில் என்னைக் கட்டிப்போட்டது சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பிராணி. வீட்டை விட உயரமான, நீண்ட கால்கள் கொண்ட ஒரு பூச்சி. காசு கொடுத்து ஏறினால் கொண்டுபோய் விடும். ஆனால் கேட்ட இடத்துக்கெல்லாம் போகாது. முதல் ஊரான செய்டா நீனில் ஏறினால் பல்மோரா, விவெக், சூரன், நிசிஸ் ஆகிய 4 இடங்களுக்குத்தான் போகலாம். வேறு ஊருக்கு என்றால் இறங்கி மாறி ஏற வேண்டும், அல்லது படகு பிடிக்க வேண்டும். அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துபோனது, இது நம்ம பஸ் ஸ்டாண்ட். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்திலிருந்து முட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் நேரே போக முடியுமா? எங்கே மாற வேண்டும், எந்தப் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது, நாகர்கோவிலில் வடசேரி ஸ்டாண்டில் இறங்குவதா மீனாட்சிபுரம் ஸ்டாண்டுக்குப் போவதா என்று மனக்கணக்குப் போட்டுத்தான் சின்ன வயதிலிருந்து இந்த மாவட்டத்தைப் படித்தேன். மாறி ஏறி மாறி ஏறித்தான் ஊர்கள் ஒன்றோடொன்று எப்படி ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது மனதில் பதிந்தது.

அந்த விளையாட்டில் இன்னொன்று. போக வேண்டிய இடத்தில் அம்புக்குறி மின்னாது. ஆட்கள் வாயால் வழி சொல்வார்கள். பாலத்தைத் தாண்டு, இன்ன ஊர்ப் பலகை வரும், அங்கே பிரியும் பாதையில் தெற்கே போ என்று. அது குறிப்பேட்டில் எழுத்தாகச் சேரும். நாம் அதைப் படித்து, நின்று, சுற்றிப் பார்த்து, தப்பாகப் போய், திரும்பி வர வேண்டும்.

என் பாட்டா அப்படித்தான் வழி சொல்வார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், எழுத்து அதிகம் தெரியாது. வீட்டுக்கு யாராவது புதிதாக வருகிறார்கள் என்றால் முந்தின நாளே சொல்லிவிடுவார். "குலசேகரத்துல இருந்து வாறியானா ஒரு இறக்கம் வரும். இறக்கம் முடியுத எடத்துல சின்னத் தோடு. தோட்டைத் தாண்டிரப்பிடாது. அதுக்க கரையைப் பிடிச்சு மேக்க வந்தா ஒரு அயனி மரம் நிக்கும். அங்கேருந்து கூப்பிட்டாலே கேக்கும் மக்கா."

இதில் எத்தனை மீட்டர், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வார்த்தை இல்லை. இறக்கம், தோடு என்கிற ஓடை, கரை, மரம், கடைசியில் கூப்பிடு தூரம். நான்கு அடையாளங்களில் ஒரு உலகத்தைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு கேமின் நிலம் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆடி முடித்தவர் இன்னொருவருக்கு மேப்பைத் திறக்காமல் வாயால் வழி சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடிந்தால் அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தாங்கும். முடியாவிட்டால் 66 சதுர கிலோமீட்டரும் வீண். நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

தம்பி இதை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணே, ஊருன்னா அப்படி. ரப்பர் தோட்டத்துக்குள்ள போய் வழி சொல்லிப் பாருங்க. எல்லா மரமும் ஒண்ணு மாதிரிதானே? என் மேப்பும் அப்படித்தான்" என்றான்.

நியாயமான கேள்வி. ரப்பர் தோட்டம் என்பது காப்பி பேஸ்ட் செய்த காடுதான். ஒரே இனம், ஒரே வயது, ஒரே இடைவெளி, ஒரே உயரத்தில் கட்டிய சிரட்டை. மேலே பார்த்தால் ஒரே கூரை. நிறையப் பேருக்கு அதற்குள் திசை தப்பியிருக்கிறது. ஆனால் பாட்டாவுக்கு ஒருநாளும் தப்பியதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். சில லீவு நாட்களில் கூடை தூக்க நானும் போவேன். ஒரு மரத்துக்கு முன்னால் நின்று, முந்தின வெட்டின் கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நூல் மாதிரி உரித்துக் கூடையில் போடுவார். அப்புறம் கத்தியைச் சாய்வாக வைத்து ஒரே இழுப்பு. பட்டை மெல்லிய சுருளாக விழும். பால் முத்து முத்தாகக் கிளம்பி, கோடாகச் சேர்ந்து, அடியில் செருகிய தகரத்தின் வழியே சிரட்டையில் சொட்டும். முதல் சொட்டு விழுமுன் அவர் அடுத்த மரத்துக்குப் போயிருப்பார். இப்படி ஒரு காலையில் 300 மரம். "இவ பால் கொறச்சுதான் தருவா", "இவனுக்குப் பட்டை கட்டி" என்று மரங்களை ஆள் மாதிரிச் சொல்வார். ஒரே மாதிரி நிற்கும் 300 மரங்கள் அவருக்கு 300 ஆட்கள்.

அதைத் தம்பிக்குச் சொன்னேன். மரம் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அங்கே திரும்பத் திரும்பப் போக வைக்கும் ஒரு வேலை இருந்தால் போதும். உன் மேப்பில் ஒரு தடவை ஓடிக் கடந்த இடத்துக்கு மறுபடி போக ஒரு காரணமாவது இருக்கிறதா? அவன் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு கணக்குக்குத் திரும்பினோம், ஏனென்றால் அவனுக்குக் கணக்கு வேண்டும். நான் நடந்தால் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் போவேன். கேமில் ஆள் எப்போதும் ஓடுகிறான், நொடிக்கு 6 மீட்டர் என்றால் மணிக்கு 21 கிலோமீட்டருக்கு மேல். ஆக இடமெல்லாம் நாலில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகிறது. அதே சமயம் கேமின் கடிகாரமும் ஓடுகிறது. ஸ்கைரிமில் நம்முடைய ஒரு நிமிடம் அங்கே 20 நிமிடம், ஒரு பகலும் ஒரு இரவும் 72 நிமிடத்தில் முடிந்துவிடும். 2017-இல் வந்த செல்டா கேமில் இன்னும் வேகம், 24 நிமிடத்தில் ஒரு நாள். எங்கள் கேமிலும் ஸ்கைரிம் கணக்கைத்தான் வைத்திருந்தோம். அதன்படி அந்த 22 நிமிட ஓட்டம் முடியும்போது அந்த உலகத்தில் ஏழரை மணி நேரம் கழிந்திருக்கும். ஏழரை மணி நேரம் நடந்தால் நிஜத்தில் 35 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். நாகர்கோவிலில் காலையில் புறப்பட்டால் மார்த்தாண்டத்தைத் தாண்டிவிடலாம். 8 கிலோமீட்டர்ச் சதுரம் என்றாலும் ஆடுகிறவர் உடம்புக்குக் கிட்டத்தட்ட ஒரு மாவட்டம் மாதிரித் தோன்றும். அப்படியானால் அதற்குள் ஒரு மாவட்டத்துக்கான சரக்கு இருக்க வேண்டும்.

அந்த செல்டாவின் இயக்குநர் ஹிதேமாரோ ஃபுஜிபயாஷி ஒரு வழி சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஊர் கியோட்டோ. கியோட்டோவின் வரைபடத்தைக் கேம் உலகத்தின் மேல் வைத்து, தனக்குப் பழக்கமான ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும், அந்தத் தூரம் உடம்புக்கு எப்படித் தெரியும் என்று பார்த்து அளவை முடிவு செய்தார்களாம். தெரிந்த ஊரை அளவுகோலாக எடுப்பது. இதைப் படித்த ராத்திரியே நாங்களும் செய்தோம். தம்பியின் சதுரத்தை எங்கள் ஊர் மேல் வைத்தோம்.

கொஞ்சம் நகர்த்தி நகர்த்தி வைத்தால் ஒரு மூலையில் திற்பரப்பு அருவி வருகிறது. நடுவில் குலசேகரம் சந்தை. இடையில் திருநந்திக்கரையின் குடைவரைக் கோயில், பாறையைக் குடைந்து செய்தது, சுவரில் பழைய ஓவியத்தின் மிச்சம் இன்றும் தெரியும். கிழக்கே பொன்மனை. தெற்கே மாத்தூர் தொட்டிப்பாலம், அதற்கடுத்து திருவட்டாறு. கோதையாறும் பரளியாறும் தனித்தனியே இறங்கி வந்து திருவட்டாறு பக்கம் ஒன்றாகி, குழித்துறை வழியாகப் போய்த் தேங்காப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. வழி தெரியாவிட்டால் தண்ணீர் போகும் பக்கமாகப் போ என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். இதற்கெல்லாம் நடுவே விளை, கோடு, குளம் என்று முடியும் எண்ணிலடங்காத ஊர்கள். ஊர்ப் பெயரின் வாலைப் பார்த்தாலே அது மேட்டு நிலமா தண்ணீர் நின்ற இடமா என்று ஊகிக்கலாம். ஒவ்வொரு அரை கிலோமீட்டருக்கும் பெயர் மாறும். பெயர் மாறும் இடத்தில் ஒரு மதகோ குருசடியோ காவோ பெட்டிக்கடையோ நிற்கும்.

தம்பி பேப்பர் எடுத்து, பெயருள்ள இடங்களை ஒவ்வொன்றாக எழுத ஆரம்பித்தான். 140-ஐத் தாண்டியதும் பேனாவை வைத்துவிட்டான். அவன் மேப்பில் பெயருள்ள இடம் 9.

மூன்று வருடம் முன்பு நாங்கள் இரண்டு பேரும் சிவாலய ஓட்டம் ஓடியது அப்போதுதான் பேச்சில் வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மகாசிவராத்திரியை ஒட்டி கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் 12 சிவன் கோயில்களை வரிசையாக ஓடியும் நடந்தும் தரிசிப்பது. முஞ்சிறை திருமலையில் தொடங்கும். திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியில் திருநட்டாலம். சுமார் 110 கிலோமீட்டர். காவித்துணி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாள் பெயரை ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு. தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தை அழைத்துவர பீமன் போகிறான். அந்த மிருகம் சிவபக்தி முற்றியது, திருமால் பெயரைக் கேட்டாலே ஆகாது. பீமன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓட, அது துரத்துகிறது. பிடிபடப் போகும் நேரத்தில் கண்ணன் கொடுத்த 12 ருத்ராட்சங்களில் ஒன்றைக் கீழே போடுகிறான். விழுந்த இடத்தில் சிவலிங்கம் எழும்புகிறது. மிருகம் பூஜை செய்ய நின்றுவிட, பீமன் மேலும் ஓடுகிறான். 12 கொட்டைகள், 12 கோயில்கள். துரத்தல், தப்பிக்க எண்ணி வைத்த சாமான், ஓடிய பாதையே மேப்பாக மாறுவது என்று ஒரு கேமுக்கு வேண்டியதெல்லாம் இதற்குள் இருக்கிறது.

அந்த இரவு எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. திக்குறிச்சியிலிருந்து திற்பரப்புக்குப் போகும் இருட்டில் முன்னால் போகிறவர்களின் "கோவிந்தா" சத்தம்தான் வழிகாட்டி. சத்தம் வலப்பக்கம் திரும்பினால் சாலை வலப்பக்கம் திரும்புகிறது என்று அர்த்தம். அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் கால் தானாக வேகமெடுத்தது. வீட்டு வாசல்களில் சுக்குக் காப்பியும் மோரும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்கள் நின்றார்கள். பொன்மனைக்குப் பிறகு தம்பியின் குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு அம்மா தன் வீட்டுத் திண்ணையில் அவனை உட்காரவைத்து, வெந்நீரில் கால் கழுவி, பழைய துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். "இனி ஏற்றம் இல்ல மக்களே, பைய போங்க" என்றார். அந்தத் திண்ணையை எந்த இருட்டிலும் என்னால் கண்டுபிடிக்க முடியும்.

நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்தபோது பைக்கிலும் வேனிலும் ஏராளமானவர்கள் கடந்து போனார்கள். இப்போது நிறையப் பேர் வண்டியில்தான் 12 கோயிலையும் பார்க்கிறார்கள். வயதானவர்கள், உடம்பு முடியாதவர்கள் வேறெப்படிப் போவது? அதைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் மறுநாள் வேனில் வந்த எங்கள் மாமாவிடம் பேசியபோது அவருக்குக் கோயில்கள் ஞாபகமிருந்தன, கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒன்றும் ஞாபகமில்லை. கேமில் மேப்பைத் தொட்டதும் பறந்துபோகும் வசதியும் இதே வேலையைத்தான் செய்கிறது. 2024-இல் வந்த டிராகன்ஸ் டாக்மா 2 கேமின் இயக்குநர் ஹிதேயாகி இட்சுனோ இதைப் பற்றிக் கடுமையாகவே பேசினார். பயணம் சலிப்பூட்டுகிறதென்றால் உங்கள் கேம் சலிப்பூட்டுகிறது, அவ்வளவுதான் என்ற பொருளில். எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு. அதற்காகப் பறக்கும் வசதியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் ஆடக் கிடைக்கிறவருக்கு அது வேண்டும். நடந்து போன வழியில் திரும்பி வரப் பறக்கலாம். முதல் தடவை நடந்துதான் ஆக வேண்டும். எங்கள் கேமில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

பரப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆழத்தை மறந்துவிடுகிறார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நின்றால் இது புரியும். ஒரு மலைச்சரிவிலிருந்து மறு சரிவுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக 1966-இல் கட்டிய பாலம், நீளம் 384 மீட்டர், உயரம் 115 அடி, தூண்கள் 28. ஒரு பக்கம் தொட்டியில் தண்ணீர், பக்கத்தில் நடக்கும் வழி. கீழே எட்டிப் பார்த்தால் பரளியாறு ஒரு வெள்ளிக் கம்பி மாதிரித் தெரியும், குளிக்கிறவர்கள் எறும்பாகத் தெரிவார்கள். அப்புறம் படிக்கட்டு வழியாக அந்த ஆற்றுக்கே இறங்கிப் போய், அண்ணாந்து, இப்போது நடந்து வந்த பாதையைப் பார்க்கலாம். மேப்பில் இது ஒரே புள்ளி. நடக்கிறவருக்கு இரண்டு உலகம். எல்டன் ரிங் என்ற கேமில் ஒரு சின்னக் கட்டடத்துக்குள் லிஃப்ட் ஒன்று இருக்கும். ஏறினால் இறங்கிக்கொண்டே போகும், நிற்காதோ என்று பயம் வரும் அளவுக்கு. கீழே போனால் நட்சத்திர வானம் போலத் தலைக்கு மேல் மின்னும் சியோஃப்ரா ஆறு. எவ்வளவோ பேர் அந்த லிஃப்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். மேலே இருக்கும் புல்வெளி எத்தனை சதுர கிலோமீட்டர் என்று பேசியவர்கள் குறைவு. அந்தக் கேமின் மேப்பும் ஆரம்பத்தில் சின்னதாகத்தான் தெரியும். போகப் போக ஓரங்கள் விலகி விரியும். மொத்தம் எவ்வளவு என்று கடைசி வரை தெரியாமல் வைத்தது மிக நல்ல புத்தி.

வாசல் என்று ஒன்றும் வேண்டும். நெல்லையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்குத் தெரியும். வெயில் காய்ந்த பொட்டல், உடைமரம், செம்மண். முப்பந்தல் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றும். ஆரல்வாய்மொழியில் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்து கணவாயில் காற்று முகத்தில் அறையும். தாண்டியதும் தோவாளை. மூக்கில் பிச்சிப்பூ வாசனை, கண்ணில் வயல், வயலுக்கப்பால் தென்னை. சில நிமிடத்தில் வேறு நாடு. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நான்கு நிலமும் சுமார் 1,670 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய மாவட்டம் இது. மலையேறி நின்றால் கடல் தெரியும். தம்பியின் பழைய மேப்பில் பனிமலைக்கும் பாலைவனத்துக்கும் நடுவே 3 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு குழப்பமான பச்சை இருந்தது. இது எந்த ஊர் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அதை எடுத்துவிட்டு ஒரு கணவாய் வைத்தோம், 200 மீட்டர் நீளம். அதற்குள் காற்றுச் சத்தத்தை மட்டும் ஏற்றினோம். அவ்வளவு போதுமாக இருந்தது.

முடிவும் அப்படித்தான். எவ்வளவு பெரிய மேப்பானாலும் ஓரிடத்தில் முடிய வேண்டும். "இதற்கு மேல் போக முடியாது" என்று எழுத்து வந்து கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டும்போது அந்த உலகமே அட்டைப்பெட்டி என்று தோன்றிவிடும். கன்னியாகுமரியில் நிலம் முடிகிறது. ஆனால் யாருக்கும் அங்கே ஏமாற்றம் இல்லை, ஏனென்றால் பார்வை முடிவதில்லை. கடலுக்குள் விவேகானந்தர் பாறை, பக்கத்துப் பாறையில் 133 அடி வள்ளுவர். சின்ன வயதில் போனபோது கடல் சரியில்லை என்று படகை நிறுத்திவிட்டார்கள். கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த தடவை போய் அந்தப் பாறையில் கால் வைத்தபோது இருந்த சந்தோஷத்துக்கு முந்தின தடவை போக முடியாததும் ஒரு காரணம். தெரிய வேண்டும், உடனே கிடைக்கக் கூடாது. கேமில் தூரம் என்பதை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். வெறும் மண்ணைப் பரப்பிச் செய்வது தூரம் ஆகாது.

நான் மிகவும் நேசிக்கும் விட்சர் 3 கேமில்கூட இந்தச் சறுக்கல் உண்டு. அதன் ஊர்களும் சதுப்பு நிலமும் அபாரம். ஆனால் ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றிக் கடல் முழுக்கக் கேள்விக்குறிகளை இறைத்திருப்பார்கள். படகில் போனால் பெரும்பாலும் மிதக்கும் சரக்குப் பெட்டிதான். பத்துக் கேள்விக்குறிக்குப் பிறகு கடல் அழகாக இருப்பதே கண்ணில் படாமல் போனது.

சரி, எங்கள் மேப்புக்கு வருகிறேன். 66 சதுர கிலோமீட்டர் இப்போது ஆறேகால். பக்கத்துக்கு இரண்டரை கிலோமீட்டர். வெட்ட வெட்டத் தம்பிக்கு வலித்தது, எனக்கும்தான். நான் எழுதி வைத்திருந்த 2 நாடுகள் அதோடு போயின. மிச்சமிருப்பதில் ஒரு ஆறு மூன்று தடவை குறுக்கே வரும். ஒரு பாலம், மேலேயும் கீழேயும் நடக்கலாம். சந்தை வாரத்தில் ஒரு நாள்தான் கூடும், மற்ற நாளில் காலி மைதானம். தினமும் விடியுமுன் மரங்களைச் சுற்றிவரும் ஒரு கிழவர், கூடப் போனால் ஒவ்வொரு மரத்தையும் பற்றிச் சொல்வார். 1,400 சொச்சம் மரங்களில் அவர் சுற்றும் 60 மரத்தைத் தம்பி கையால் செய்தான். பெயருள்ள இடங்கள் 71 ஆகியிருக்கின்றன.

போன மாதம் அவன் ஹாஸ்டல் நண்பன் ஒருவனை 4 நாள் ஆட விட்டோம். ஐந்தாம் நாள் இன்னொரு நண்பனை உட்காரவைத்து, மேப்பை மறைத்துவிட்டு, முதல் பையனை ஃபோனில் வழி சொல்லச் சொன்னோம். சந்தையிலிருந்து குடைவரைக்குப் போக வேண்டும். நான் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன்.

"சந்தைல இருந்து எறக்கத்துல எறங்கு. பாலம் வரும், மேல போகாத, கீழ போ. ஆத்தைத் தாண்டுனா எதிர்ல படுத்த எருமை தெரியும். அதுக்கு வடக்க..."

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். எங்கள் 71 பெயர்களில் படுத்த எருமை என்று ஒன்று கிடையாது. ஆற்றோரம் நாங்கள் சும்மா வைத்த ஒரு கரும்பாறை அது. பழைய மேப்பில் மூன்று தடவை திருப்பித் திருப்பி வைத்திருந்தானே, அதே பாறை. இப்போது ஒன்றுதான் மிச்சம். முதுகும் கொம்புமாக, தண்ணீர்ப் பக்கம் முகத்தை வைத்துப் படுத்திருக்கிறது. எத்தனையோ மாதம் பார்த்தும் எங்களுக்குத் தெரியவில்லை.

ஃபோனில் அந்தப் பக்கம் "எங்கடா எருமை?" என்று குரல் கேட்டது. அப்புறம், "ஆ, பாத்துட்டேன்."

தம்பி அன்று ராத்திரியே மேப்பில் அந்தப் பெயரை எழுதினான். 72.